ரைபோசோமை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்தல்: துகள் தயாரிப்பிலிருந்து முப்பரிமாண வரைபடம் வரை

ஆர்என்ஏவும் புரதமும் சேர்ந்த துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கப் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் புரத வேலையில் கை பழகியவர்கள். அவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே காரணத்தால் வருகின்றன: புரதத்துக்குச் சரியாக இருந்த பழக்கத்தை ஆர்என்ஏவுக்கும் அப்படியே பொருத்துகிறார்கள். பாஸ்பேட் பஃபர் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்), இடிடிஏ (மக்னீசியம் போன்ற அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்), தண்ணீரில் நீர்த்தல் ஆகிய மூன்றும் புரத ஆய்வகத்தில் அன்றாட நடைமுறை. இங்கே மூன்றுமே துகளையோ படத்தையோ கெடுக்கும்.

இந்த வழிகாட்டி ஈ. கோலை பாக்டீரியாவின் 70எஸ் ரைபோசோமை, அதாவது செல்லில் புரதங்களைக் கட்டும் துகளை, எடுத்துக்கொள்கிறது. எஸ் என்பது மையவிலக்கில் துகள் படியும் வேகத்தின் அலகு. அது தாராளமாகக் கிடைக்கும். ஏறக்குறைய 25 நானோமீட்டர் விட்டம் கொண்டதால் படத்தில் கண்ணுக்கே தெரியும். தவறு நேர்ந்தால் எந்தப் படியில் நேர்ந்தது என்பதைத் துகளின் உருவமே காட்டிக்கொடுக்கும். அரிதாகவே கிடைக்கும் சிறிய ஆர்என்ஏ-புரதத் துகள்களில் வேலை செய்ய வேண்டியவர்களும் முதலில் இதில் கையைப் பழக்கிக்கொள்வது நல்லது.

துகளின் கணக்கை மனத்தில் வைத்திருங்கள். 30எஸ் சிற்றலகில் 1542 நியூக்ளியோடைடு நீளமுள்ள 16எஸ் ஆர்என்ஏவும் 21 புரதங்களும் உள்ளன. 50எஸ் பேரலகில் 2904 நியூக்ளியோடைடு கொண்ட 23எஸ் ஆர்என்ஏ, 120 நியூக்ளியோடைடு கொண்ட 5எஸ் ஆர்என்ஏ, 30க்கும் மேற்பட்ட புரதங்கள் ஆகியவை உள்ளன. மொத்த நிறை சுமார் 25 லட்சம் டால்டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ.

1. படிகளின் வரிசை

துகள் தயாரிப்பு, ஆர்என்ஏ சோதனை, செறிவுக் கணக்கு, சாயமேற்றிய கிரிட் (மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலை), அதில் இருபரிமாண வகைப்படுத்தல் (ஒத்த துகள் படங்களைக் குழுக்களாகச் சேர்த்துச் சராசரியாக்கல்), அதன்பின் உறையவைத்த கிரிட், கடைசியில் பெரிய நுண்ணோக்கி. இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் செலவு கூடியது. ஆகவே ஒரு படியில் பதில் கிடைக்கக்கூடிய கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுபோகக் கூடாது.

மிக அதிகமாகக் காணும் தவறு, சாயமேற்றும் படியைத் தாண்டி நேரே உறையவைத்தலுக்குப் போவதுதான். உறைந்த கிரிட்டில் துகள் இல்லையென்றால், துகள் உடைந்ததா, கார்பனில் ஒட்டிக்கொண்டதா, பனி தடித்ததா, செறிவு குறைந்ததா என்று நான்கு காரணங்களில் எது என்று சொல்ல முடியாது. சாயமேற்றிய கிரிட் அரை மணி நேரத்தில் அவற்றில் இரண்டை நீக்கிவிடும்.

2. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

பஃபரை முதலில் முடிவு செய்யுங்கள். 20 மில்லிமோலார் ஹெப்பிஸ், பிஹெச் 7.5, 10 மில்லிமோலார் மக்னீசியம் அசிட்டேட், 60 முதல் 100 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு, பயன்படுத்தும் நாளில் சேர்க்கும் 1 அல்லது 2 மில்லிமோலார் டிடிடி (ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது). இதுவே எல்லாப் படிகளிலும் தொடர வேண்டிய அடிப்படை.

இதில் மக்னீசியத்துக்குத்தான் முதலிடம். ஆர்என்ஏ முதுகெலும்பின் பாஸ்பேட் குழுக்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன; மக்னீசிய அயனிகள் இடையில் அமர்ந்தே மடிப்பு நிலைக்கிறது. 10 மில்லிமோலாரில் 70எஸ் ஒன்றாக இருக்கும். 1 மில்லிமோலாருக்கு இறக்கினால் 30எஸ்ஸும் 50எஸ்ஸும் பிரிந்துவிடும். இடிடிஏவை மிகுதியாகச் சேர்த்தால் அலகுகளின் மடிப்பே குலையும்.

பாஸ்பேட் பஃபரை ஒதுக்குவதற்குக் காரணம் வேறு. சாயத்தில் உள்ள யுரேனைல் அயனி பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத வீழ்படிவாகும். ஒரு முறை, வேறு ஆய்வகத்திலிருந்து வந்த மாதிரி பாஸ்பேட் பஃபரில் இருப்பதைக் கேட்டுக்கொள்ளாமல் சாயமேற்றினேன். கிரிட் முழுவதும் கூர்முனைகொண்ட கருந்துணுக்குகள். அவற்றுக்கிடையே துகள் இருந்ததா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மாதிரிக் குழாயை வாங்கும்போதே நான் கேட்கும் முதல் கேள்வி பஃபரைப் பற்றியதுதான்.

ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி நம் விரல்களிலேயே இருக்கிறது. கையுறையை அடிக்கடி மாற்றுங்கள். இதற்கென்றே பிப்பெட் முனைகளையும் உப்பு டப்பாக்களையும் தனியாக வையுங்கள். ஆர்என்ஏஸ்ஸைச் செயலிழக்கச் செய்யும் டிஇபிசியால் தண்ணீரைப் பதப்படுத்தலாம்; ஆனால் டிரிஸ் (இன்னொரு பஃபர் பொருள்) கரைசலில் டிஇபிசியை நேரடியாகச் சேர்க்காதீர்கள், டிரிஸ்ஸின் அமீன் குழு அதை விழுங்கிவிடும். பதப்படுத்தி ஆட்டோகிளேவ் செய்த தண்ணீரில் டிரிஸ்ஸைக் கரைப்பதே சரி.

பாக்டீரியா வகையையும் முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். ஆர்என்ஏஸ் 1 நொதி குறைபட்ட எம்ஆர்இ600 வகை இந்த வேலைக்குப் பழைய, நம்பகமான தேர்வு.

3. துகளைப் பிரித்தெடுத்தல்

செல்களை வளர்ச்சியின் நடுப்பகுதியில் வேகமாகக் குளிரவைத்து அறுவடை செய்யுங்கள். தேங்கிய நிலை வரை விட்டால் ரைபோசோம்கள் ஓய்வு நிலைக்குப் போய் இரட்டைகளாகத் திரளும். செல்களை உடைத்து, ஆர்என்ஏஸ் கலவாத டிஎன்ஏஸ் சேர்த்து, சிதைவுகளைச் சுழற்றி நீக்கியபின், தெளிந்த கரைசலைச் சுக்ரோஸ் மெத்தையின் மேல் ஊற்றி அதிவேக மையவிலக்கில் இரவு முழுவதும் சுழற்ற வேண்டும். அந்த மெத்தையில் அம்மோனியம் குளோரைடை அரை மோலார் அளவுக்கு உயர்த்தினால் தளர்வாக ஒட்டிய புரதங்கள் கழன்றுவிடும்.

காலையில் குழாயின் அடியைப் பாருங்கள். நல்ல ரைபோசோம் வில்லை கண்ணாடித் துண்டைப்போல நிறமற்றுத் தெளிவாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் விளிம்பு தெரியும். புதியவர்கள் அதைக் காணாமல் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று கொட்டிவிடுவதுண்டு. பழுப்பாக, பஞ்சுபோல மேலே படிந்திருப்பது சவ்வுத் துணுக்கு; அதைப் பஃபரால் மெதுவாக அலசி நீக்கலாம்.

வில்லையைக் கரைக்கும்போது பிப்பெட்டால் குத்தக் கூடாது, வோர்ட்டெக்ஸும் கூடாது. பஃபரைச் சேர்த்து 4 டிகிரியில் ஒரு மணி நேரம் மெதுவாக ஆட்டவிடுங்கள்.

அடுத்தது 10 முதல் 40 சதவீதச் சுக்ரோஸ் கிரேடியன்ட் (மேலிருந்து கீழாகச் செறிவு கூடும் கரைசல்). மேலிருந்து கீழாக 30எஸ், 50எஸ், 70எஸ் என்ற வரிசையில் மூன்று முகடுகள் வரும். அதற்கும் கீழே பாலிசோம்கள் (ஒரே எம்ஆர்என்ஏவில் கோத்த பல ரைபோசோம்கள்). 70எஸ் முகடு சிறுத்து மற்ற இரண்டும் பெருத்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சுக்ரோஸ் கரைசலைத்தான். பஃபரில் மக்னீசியம் சேர்த்திருப்பார்கள், சுக்ரோஸை மட்டும் வெறும் தண்ணீரில் கரைத்திருப்பார்கள். இதை மூன்று பேரிடமாவது பார்த்திருக்கிறேன்.

முகட்டின் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். அளவு குறைகிறதே என்று தோள்பகுதியையும் சேர்த்தால், பிற்பாடு கணினியில் பல நாள் செலவழித்துப் பிரிக்க வேண்டிய கலப்படத்தை நீங்களே சேர்க்கிறீர்கள்.

சுக்ரோஸை முழுவதும் நீக்குவது கட்டாயம். அது கரைசலின் அடர்த்தியைக் கூட்டுவதால், உறைந்த பனியில் துகளுக்கும் சூழலுக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடும். 1 லட்சம் டால்டன் அளவு வடிகட்டி கொண்ட மையவிலக்குக் குழாயில் மூன்று நான்கு முறை பஃபர் மாற்றினால் போதும். பிறகு சிறு பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, கழித்தல் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு முறை உருக்கியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

4. ஆர்என்ஏ முழுமையாக இருக்கிறதா

260 நானோமீட்டருக்கும் 280 நானோமீட்டருக்கும் உள்ள ஒளியுறிஞ்சல் விகிதம் 2க்கு அருகில் வந்தால் பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். அந்த எண் இங்கே அதிகம் சொல்லாது. ஆர்என்ஏவின் உறிஞ்சல் புரதத்தினுடையதைவிடப் பல மடங்கு வலுவானது. கணிசமான புரதக் கலப்படம் இருந்தாலும் விகிதம் பெரிதாக அசையாது. மடிப்பைக் குலைத்து மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல்களை, புரதத்துக்கு எஸ்டிஎஸ் ஜெல், ஆர்என்ஏவுக்கு யூரியா ஜெல் என்று தனித்தனியே ஓட்டுங்கள்.

யூரியா ஜெல்லைத் தவிர்க்கவே கூடாது. ஏனெனில் ரைபோசோமின் ஆர்என்ஏ ஓரிரு இடங்களில் அறுபட்டிருந்தாலும், மடிப்பும் புரதங்களும் துண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும். கிரேடியன்ட்டில் அது 70எஸ்ஸாகவே ஓடும், நுண்ணோக்கியிலும் முழுமையாகத் தெரியும். மடிப்பைக் குலைக்கும் ஜெல்லில் மட்டுமே வெட்டு வெளிப்படும். 23எஸ், 16எஸ் பட்டைகள் கூர்மையாகவும் அவற்றுக்குக் கீழே மேகம்போன்ற இழுவல் இல்லாமலும் இருந்தால் மேலே செல்லுங்கள். இழுவல் இருந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தயாரிப்பதே சிக்கனம்.

5. செறிவும் நீர்த்தலும்

260 நானோமீட்டரில் ஒளியுறிஞ்சல் 1 என்றால், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 24 பிகோமோல் 70எஸ் உள்ளது, அதாவது 24 நானோமோலார். உதாரணமாக, மாதிரியை 500 மடங்கு நீர்த்தபின் அளவு 0.5 என்று வந்தால், மூல மாதிரியின் உறிஞ்சல் 250. செறிவு 250 பெருக்கல் 24, அதாவது 6000 நானோமோலார் அல்லது 6 மைக்ரோமோலார்.

சாயமேற்றும் கிரிட்டுக்கு 20 முதல் 30 நானோமோலார் போதும். இந்த மாதிரியை 200 மடங்கு நீர்த்தால் 30 கிடைக்கும். இங்கேதான் தண்ணீர்த் தவறு நடக்கிறது. 200 மடங்கு தண்ணீரில் நீர்த்தால் 10 மில்லிமோலார் மக்னீசியம் 0.05 மில்லிமோலாராகிவிடும், கிரிட்டை அடையும் முன்பே 70எஸ் பிரிந்துவிடும். பிறகு படத்தில் தனித்தனி அலகுகளைப் பார்த்துத் தயாரிப்பின்மேல் பழி போடுவார்கள். நீர்த்தல் எப்போதும் அதே பஃபரில், இரண்டு கட்டமாக, கிரிட்டில் வைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு மட்டுமே நடக்க வேண்டும். மிகக் குறைந்த செறிவில் துகள்கள் குழாயின் சுவரில் ஒட்டி வீணாகும்.

6. கிரிட்டும் குளோ டிஸ்சார்ஜும்

400 மெஷ் செப்புக் கிரிட்டின்மேல் தொடர்ச்சியான கார்பன் படலம் உள்ளதை எடுங்கள். வெறும் கார்பன் நீரை விலக்கும். அதனால் 15 முதல் 20 மில்லியாம்பியரில் அரை நிமிடம் குளோ டிஸ்சார்ஜ் (தாழ்ந்த அழுத்தக் காற்றில் மின்னிறக்கம்) செய்ய வேண்டும். சோதனை எளிது: கெட்டுப்போன கிரிட் ஒன்றையும் உடன் வைத்து, முடிந்ததும் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு குண்டாக நின்றால் போதவில்லை. தட்டையாகப் பரவினால் சரி. ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள், தாமதித்தால் பரப்பு பழையபடி நீரை விலக்கத் தொடங்கும்.

காற்றில் நடக்கும் டிஸ்சார்ஜ் கார்பனுக்கு எதிர்மின்னூட்டம் தருகிறது. ஆர்என்ஏவும் எதிர்மின்னூட்டம் உடையது. பஃபரில் உள்ள மக்னீசியம் பாலமாக இருப்பதால் ரைபோசோம் பெரும்பாலும் ஒட்டிவிடும். ஒட்டாவிட்டால் அமைலமீன் ஆவியில் டிஸ்சார்ஜ் செய்து பரப்புக்கு நேர்மின்னூட்டம் கொடுக்கலாம். மாதிரி பளிச்சென்று ஒட்டும், ஆனால் எல்லாத் துகளும் ஒரே பக்கமாகப் படுக்கும் ஆபத்தும் கூடும். எனவே இது இரண்டாவது வழிதான்.

7. சாயமேற்றுதல்

2 சதவீத யுரேனைல் அசிட்டேட், அல்லது 0.75 சதவீத யுரேனைல் ஃபார்மேட். ஃபார்மேட்டின் மணிகள் நுண்ணியவை, ஆனால் அன்றன்று தயாரிக்க வேண்டும். அசிட்டேட்டை வடிகட்டி, அலுமினியத் தாள் சுற்றி, வெளிச்சம் படாமல் வைத்தால் நெடுநாள் இருக்கும். இரண்டும் நச்சும் மெல்லிய கதிரியக்கமும் உடையவை: பொடியை முகத்தருகே கொட்டாதீர்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், வடிதாளையும் முனைகளையும் தனிப் பாத்திரத்தில் சேர்த்துக் கதிரியக்கப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

பாராஃபிலிம் தாளில் ஒரு வரிசையாகத் தண்ணீர்ச் சொட்டு ஒன்று, சாயச் சொட்டு மூன்று வைத்துக்கொண்டபின்னரே மாதிரியைத் தொடுங்கள். கையில் கிரிட் ஈரமாக இருக்கும்போது சொட்டு வைக்க ஓடினால் அது உலர்ந்துவிடும், உலர்ந்தால் துகள் சரிந்துவிடும்.

இடுக்கியில் பிடித்த கிரிட்டின் கார்பன் பக்கத்தில் 3 மைக்ரோலிட்டர் மாதிரி வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். வடிதாளைக் கிரிட்டின் விளிம்பில் செங்குத்தாகத் தொடவையுங்கள். மேலே வைத்து அழுத்த வேண்டாம். சொட்டு வடிந்து, மினுமினுக்கும் மெல்லிய ஈரம் மட்டும் எஞ்சும் கணத்தில் தாளை எடுத்துவிட வேண்டும். அந்தக் கணத்தைப் பிடிக்கக் கை பழகுவதற்குப் பத்துக் கிரிட்டாவது வீணாகும். வெறும் பஃபரில் அந்தப் பத்தையும் முன்னரே வீணாக்கிவிடுங்கள்.

உடனே தண்ணீர்ச் சொட்டை ஒரு நொடி மட்டும் தொட்டு ஒற்றுங்கள். இது உப்பைக் குறைக்க. அதற்குமேல் நீடித்தால் மக்னீசியம் கழுவப்படும். பின் முதல் இரண்டு சாயச் சொட்டுகளைத் தொட்டுத் தொட்டு ஒற்றி, மூன்றாவதில் அரை நிமிடம் வைத்து, கடைசி ஒற்றலில் சிறிது சாயம் எஞ்சும்படி விட்டு உலரவிடுங்கள். முழுவதும் உறிஞ்சிவிட்டால் துகளைச் சுற்றி நிற்கச் சாயமே இருக்காது.

8. நுண்ணோக்கியில் முதல் பார்வை

120 கிலோவோல்ட் கருவி போதும். மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் கிரிட் முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கறுத்த சதுரங்களில் சாயம் மிகுதி, வெளுத்தவற்றில் சாயமே இல்லை. இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில், கார்பன் கிழியாமல் உள்ள சதுரங்களே வேண்டியவை. புதியவர் ஒருவர் முதல் சதுரத்தைப் பார்த்து மாதிரி கெட்டது என்று முடிவுகட்டி எழுந்துவிட்டார். அதே கிரிட்டின் மறு ஓரத்தில் அழகான துகள்கள் இருந்தன. குறைந்தது ஐந்து சதுரங்களைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

சுமார் 50,000 மடங்கில், 1 முதல் 1.5 மைக்ரோமீட்டர் டீஃபோக்கஸில் (குவியத்திலிருந்து வேண்டுமென்றே விலக்கி) படம் எடுங்கள். படத்தின் ஃபூரியே உருமாற்றத்தில் (அலைவெண்களாகப் பிரித்த வடிவில்) வளையங்கள் வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமானால் அஸ்டிக்மாட்டிசத்தை (திசைக்குத் திசை குவியம் மாறும் குறையை) திருத்தியபின் தொடருங்கள்.

படத்தில் தேட வேண்டியவை இவை. 70எஸ் ஏறக்குறைய உருண்டையாக, இரண்டு அலகுகளுக்கிடையே ஒரு கறுத்த பள்ளத்தோடு தெரியும். தனியான 50எஸ் பெரும்பாலும் மூன்று முனை கொண்ட கிரீடம்போலப் படுத்திருக்கும். தனியான 30எஸ் நீண்டு, தலையும் உடலும் கழுத்தால் பிரிந்து காணப்படும். இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறியப் பழகிக்கொண்டால், மக்னீசியம் குறைந்துபோன மாதிரியைக் கணினி இல்லாமலே கண்டுகொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. யுரேனைல் அயனி துகளைச் சுற்றி நிற்பதோடு, ஆர்என்ஏவின் பாஸ்பேட்டிலும் போய் ஒட்டுகிறது. ஆகவே புரதத்தில் எப்போதும் வெளிச்சமாகத் தெரிய வேண்டிய உட்பகுதி, ஆர்என்ஏ மிகுந்த துகளில் ஆங்காங்கே கறுத்துத் தெரியலாம். அதைத் துளை என்றோ வாய்க்கால் என்றோ எழுதிவிடாதீர்கள். சாயமேற்றிய படத்தின் நுணுக்கம் (பிரித்துக்காட்டும் திறன்) 20 ஆங்ஸ்ட்ராம் அளவோடு நின்றுவிடும். துகளும் சற்றே நசுங்கியிருக்கும். வெளியுருவத்தையும் கலப்பின் விகிதத்தையும் மட்டும் இதிலிருந்து படியுங்கள்.

9. உறையவைக்கப் போகலாமா

ஐம்பது நூறு படங்களிலிருந்து 5000 துகள்களை எடுத்து இருபரிமாண வகைப்படுத்தல் செய்யுங்கள். ஐந்தில் நான்கு துகளாவது 70எஸ் வகைகளில் விழுந்தால், வகைகளும் பல கோணங்களைக் காட்டினால், மேலே செல்லலாம் என்பது என் அளவுகோல். கண்ணால் பார்த்து நன்றாக இருப்பதாகத் தோன்றுவது போதாது. கண் அழகான துகளையே தேடிப்போகும்.

உங்கள் துகள் ரைபோசோமைவிட நொய்மையானதாக இருந்து சாயத்திலேயே சிதைந்தால், கிளிசரால் கிரேடியன்ட்டில் கீழ்நோக்கிக் கூடிக்கொண்டே போகும் குளூட்டரால்டிஹைடைச் சேர்த்து, துகள் இறங்கும்போதே மெதுவாகப் பிணைக்கும் கிராஃபிக்ஸ் (GraFix) முறையை முயலுங்கள். பஃபரில் டிரிஸ்ஸோ அம்மோனியம் உப்போ இருந்தால் அவற்றின் நைட்ரஜனே குளூட்டரால்டிஹைடை எடுத்துக்கொள்ளும். ஹெப்பிஸ்ஸும் பொட்டாசிய உப்பும் பயன்படுத்துங்கள். பிணைக்காத மாதிரியின் படங்களையும் ஒப்பீட்டுக்கு வைத்திருங்கள். பிணைப்பு ஒரு நிலையை மட்டும் பூட்டிவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

10. உறையவைத்தல்

இரண்டு வழிகள் உள்ளன. துளைகளுள்ள கார்பன் கிரிட்டின்மேல் 2, 3 நானோமீட்டர் மட்டுமே தடித்த இன்னொரு கார்பன் படலம் போர்த்தியிருந்தால், 100 முதல் 200 நானோமோலார் செறிவு போதும். படலம் இல்லாத துளைகளில் துகளை நிரப்ப 1 மைக்ரோமோலாருக்கு மேல் வேண்டும். ரைபோசோமுக்கு நான் படலத்தையே பரிந்துரைப்பேன். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் மோதும் துகள்கள் சிதைவதுண்டு. படலம் துகளை அந்தப் பரப்பிலிருந்து இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. விலையாகப் பின்னணி இரைச்சல் சிறிது கூடும், கோணங்கள் சில குறையும்.

உறைவிப்புக் கருவியின் அறையை 4 டிகிரியிலும் முழு ஈரப்பதத்திலும் வைத்து, குறைந்தது அரை மணி நேரம் நிலைப்படவிடுங்கள். 3 மைக்ரோலிட்டர் மாதிரி, அரை நிமிடக் காத்திருப்பு, 2 முதல் 4 நொடி ஒற்றல், உடனே ஈத்தேனில் பாய்ச்சல். ஒற்றும் நேரத்தை ஒரே கிரிட்டில் நம்பாமல், 2, 3, 4 நொடிகளில் இரண்டிரண்டு கிரிட் செய்யுங்கள். துகளே 25 நானோமீட்டர் இருப்பதால் பனி 30 முதல் 60 நானோமீட்டர் தடிப்பில் வந்தால் போதும். அதைவிட மெலிந்தால் துகள்கள் துளையின் ஓரத்துக்குத் தள்ளப்படும்.

ஈத்தேன் கழித்தல் 183 டிகிரியில் உறையும். அதைச் சூழ்ந்த நைட்ரஜனோ கழித்தல் 196இல் இருக்கிறது. எனவே விட்டுவிட்டால் ஈத்தேன் கட்டியாகிவிடும். கிண்ணத்தின் ஓரத்தில் வெண்மையாக ஒரு வளையம் படியத் தொடங்குவதே சரியான வெப்பநிலைக்கு அடையாளம். ஈத்தேன் தீப்பற்றும், நைட்ரஜன் ஆவி மூச்சுத்திணற வைக்கும். காற்றோட்டமில்லாத அறையில் இதைச் செய்யக் கூடாது.

கிரிட் உறைந்தபின் எப்போதும் கழித்தல் 140 டிகிரிக்குக் கீழேயே இருக்க வேண்டும். கண்ணாடி நிலைப் பனி ஒருமுறை படிகமாகிவிட்டால் திரும்பாது. இடுக்கியை ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்பு நைட்ரஜனில் கொதிப்பு அடங்கும் வரை வைத்திருங்கள். நைட்ரஜன் பாத்திரத்தின் மேல் குனிந்து பேசாதீர்கள், மூச்சின் ஈரம்தான் பிறகு படத்தில் கறுத்த பனிக்கட்டிகளாகத் தெரியும்.

11. படம் எடுத்தல்

200 கிலோவோல்ட் கருவியில் முதலில் நல்ல கிரிட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். 300 கிலோவோல்ட் கருவி பெரும்பாலும் பொது மையங்களில்தான் கிடைக்கும், நாளுக்குக் காத்திருக்க வேண்டும். அங்கே போகும்போது எந்தக் கிரிட், எந்தச் சதுரங்கள் என்று கையில் குறிப்பு இருக்க வேண்டும்.

படத்துணுக்கின் (பிக்சலின்) அளவு 1 ஆங்ஸ்ட்ராம் அருகில். அதன் இருமடங்கான 2 ஆங்ஸ்ட்ராம்தான் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய எல்லை. டீஃபோக்கஸை 0.5 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரை மாற்றிக்கொண்டே போங்கள். ஒரே மதிப்பில் எடுத்தால் சில அலைவெண்களில் எல்லாப் படத்திலும் தகவல் சுழியாகிவிடும். மொத்த எலக்ட்ரான் அளவு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 40 முதல் 50. அதைப் பல சட்டகங்களாகப் பதிவுசெய்தால் அசைவைத் திருத்த முடியும்.

12. கணினியில்

சொந்தத் தரவில் தொடங்காதீர்கள். எம்பியார் என்ற பொது நுண்ணோக்கிப் பட வைப்பகத்தில் 10028 என்ற எண்ணில் மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் 80எஸ் ரைபோசோம் தரவு உள்ளது: 1,05,247 துகள்கள், 3.2 ஆங்ஸ்ட்ராம் வரைபடம். ரிலையான் மென்பொருளிலோ கிரையோஸ்பார்க் மென்பொருளிலோ அந்த அளவுக்கு அருகில் வந்துவிட்டால், பிறகு உங்கள் தரவில் வரும் குறை மென்பொருளைக் கையாள்வதில் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

வரிசை இது: அசைவுத் திருத்தம், சிடிஎஃப் கணிப்பு (நுண்ணோக்கி படத்தை எப்படித் திரித்தது என்ற கணக்கு), மோசமான படங்களை நீக்கல், துகள் தேர்வு, இருபரிமாண வகைப்படுத்தல், முதல் முப்பரிமாண மாதிரி, முப்பரிமாண வகைப்படுத்தல், நுண்செப்பம். துகள் பெட்டி விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 380 முதல் 400 ஆங்ஸ்ட்ராம். தொடக்க மாதிரியை 60 ஆங்ஸ்ட்ராமுக்கு மழுக்கிவிட்டே கொடுங்கள். கூர்மையான மாதிரியைக் கொடுத்தால் இரைச்சலும் அதே உருவத்தில் சீரமைந்து, உங்கள் துகளில் இல்லாத நுணுக்கத்தைக் காட்டும்.

ரைபோசோமில் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் முப்பரிமாண வகைப்படுத்தல். 50எஸ் பெரியதாதலால் சீரமைப்பு அதையே பிடித்துக்கொள்கிறது. 50எஸ் கூர்மையாகவும் 30எஸ் மங்கலாகவும், 30எஸ்ஸின் தலை இன்னும் மங்கலாகவும் வந்தால், சிற்றலகு திரும்பிய நிலையும் திரும்பாத நிலையும் கலந்திருக்கின்றன என்று பொருள். முதல் சுற்றில் தனி 50எஸ் துகள்களை வெளியேற்றுங்கள். அடுத்த சுற்றில் 30எஸ்மீது மட்டும் மாஸ்க் (கணக்கில் சேரும் பகுதியை வரையறுக்கும் உறை) வைத்து, பேரலகின் சமிக்ஞையைக் கழித்துவிட்டு வகைப்படுத்துங்கள். மூன்றாவது சுற்றில் டிஆர்என்ஏ (அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் ஆர்என்ஏ) அமரும் இடங்களைப் பாருங்கள். மூன்றையும் ஒரே சுற்றில் முடிக்க நினைத்தால், மிகப் பெரிய வேறுபாடு மட்டுமே பிரியும், சிறியவை அதனடியில் மறைந்துபோகும்.

இறுதி நுணுக்கத்தைத் தனித்தனியே செப்பமிட்ட இரண்டு அரைத் தரவுகளின் ஒப்பீட்டில், அவற்றின் ஒப்புமை 0.143க்கு இறங்கும் இடத்தில் படியுங்கள். மாஸ்க்கின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அந்த எண் பொய்யாகவே உயரும்; விளிம்பை மென்மையாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

13. வரைபடத்தைப் படித்தல்

முதலில் கைப்பக்கம். கணிப்பு சரியான உருவத்தையோ அதன் கண்ணாடிப் பிம்பத்தையோ தரலாம். ஆர்என்ஏ இரட்டைச்சுருள் வலக்கைச் சுருள். 7, 8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்திலேயே அதன் பள்ளங்கள் தெரிந்துவிடும். இடக்கையாகச் சுற்றினால் வரைபடத்தைப் புரட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆர்என்ஏ நமக்குச் செய்யும் உதவியைப் புரதம் அவ்வளவு எளிதில் செய்யாது.

அடுத்தது கன்டூர் அளவு (எந்த அடர்த்திக்கு மேல் வரைந்து காட்டுவது என்ற வரம்பு). பாஸ்பேட் நிறைந்த ஆர்என்ஏ வலுவாகவும், புரதம் அதைவிட மெலிவாகவும் தெரியும். ஆர்என்ஏ அழகாகத் தெரியும் அளவில் வைத்துவிட்டு ஒரு புரதம் காணவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது, அளவைப் படிப்படியாக இறக்கிப் பாருங்கள் என்பதே. கூர்மையாக்கலிலும் இதே சிக்கல்: ஆர்என்ஏவுக்குப் பொருந்தும் அளவில் கூர்மையாக்கினால் புரதத்தின் வெளிமுனைகள் துண்டுதுண்டாகும். இரண்டு அளவுகளில் இரண்டு வரைபடங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

பேரலகிலிருந்து நீட்டிநிற்கும் எல்1 தண்டும் எல்7/எல்12 தண்டும் எப்போதும் அசைபவை. அங்கே அடர்த்தி இல்லாதது அங்கே புரதம் இல்லை என்பதற்குச் சான்றல்ல. எஸ்டிஎஸ் ஜெல்லை எடுத்துப் பாருங்கள்.

அணு மாதிரிக்குப் புரதத் தரவு வங்கியின் 7கே00 பதிவிலிருந்து தொடங்கலாம். அது 2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கிரையோ முறையில் பெற்ற ஈ. கோலை 70எஸ். அதை உங்கள் வரைபடத்தில் அப்படியே பொருத்தி, நிலைக்கேற்பச் சிற்றலகை நகர்த்துங்கள். ஆனால் அதில் உள்ள மக்னீசியங்களையும் நீர் மூலக்கூறுகளையும் அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வரைபடம் 3.5 ஆங்ஸ்ட்ராமில் இருந்தால், பாஸ்பேட்டுகளுக்கிடையே தெரியும் ஒரு பொட்டு மக்னீசியமா, பொட்டாசியமா, நீரா, இரைச்சலா என்று சொல்ல வழியில்லை, நீக்கிவிடுவதே நேர்மை.

வைப்பகத்தில் சேர்க்கும்போது அரை வரைபடங்களையும் மாஸ்க்கையும் உடன் கொடுங்கள். மாதிரி விவரத்தில் பஃபர் என்று மட்டும் எழுதாமல், கிரிட்டில் வைத்த கணத்தில் மக்னீசியம் எத்தனை மில்லிமோலார் இருந்தது என்று குறியுங்கள். உங்கள் 70எஸ்ஸில் எவ்வளவு பிரிந்திருந்தது என்பதை இன்னொருவர் புரிந்துகொள்ள முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.